விறகு அடுப்பின் உள்பாகங்களைக் கழற்றிப் புகைக்குழாயைச் சுத்தம் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜமில் எங்கள் மாமா கேட்டரிங் நடத்துகிறார். கேஸ் அடுப்பு ஆறு இருந்தாலும் பிரியாணிக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் இன்னும் விறகு அடுப்புதான். முன்பு திறந்த அடுப்பாக இருந்தது. அத்தையின் கண்ணும் நெஞ்சும் புகையிலேயே பாழாகிறதே என்று, பக்கத்து ஊரான பிறையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, மூடிய இரும்பு அடுப்பாகச் செய்து வாங்கினோம். 6 மில்லிமீட்டர் தகட்டில் உடம்பு, உள்ளே சுற்றிலும் ஃபயர் பிரிக் என்ற சூடு தாங்கும் செங்கல், பானை உட்காரும் மேல்தகட்டுக்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு, அதற்கும் கீழே காற்று வரும் குழாய்கள், பின்பக்கத்தில் 6 அங்குலப் புகைக்குழாய் ஏறித் தகரக் கூரையைத் தாண்டிப் போகும்.

இரண்டு வருடங்களுக்கு முன் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளைக் கூப்பிட்டோம். அவர் கூரை மேலே ஏறினார், பிரஷை விட்டு மேலும் கீழும் ஆட்டினார், அரை மணி நேரத்தில் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் புகை மேலே போகவே இல்லை, கதவு வழியாகத் திரும்பி வந்து கூடமே இருட்டாகிவிட்டது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்தால், குழாயிலிருந்து விழுந்த கரி முழுக்கத் தடுப்புத் தகட்டின் முதுகில் குவிந்து, குழாயின் வாயையே அடைத்து நின்றது. பெரிய மைலோ டின்னில் இரண்டு டின் வந்தது. பிரஷ் போட்டது தப்பில்லை, உள்ளே இருப்பதைக் கழற்றாமல் பிரஷ் போட்டதுதான் தப்பு. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கழற்றுவதைப் பற்றித்தான் இருக்கும். பிரஷ் போடுவது சுலபம்.

உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது

நெருப்பு நேராகக் குழாய்க்குள் ஓடிவிட்டால் சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் தடுப்புத் தகடு. பட்டறைக்காரர்கள் இதைப் பாஃபிள் என்பார்கள். தீ முன்பக்கமாக ஏறி, தகட்டின் விளிம்பைச் சுற்றி, அதன் முதுகின் மேலே பின்பக்கம் ஓடி, அப்புறம்தான் குழாய்க்குள் நுழைகிறது. அந்த நீண்ட வழியில்தான் பானைக்குச் சூடு ஏறுகிறது. அதே காரணத்தால்தான் மேலிருந்து விழும் கரி நேராக எரியறைக்கு வராது, தகட்டின் முதுகில் தங்கிவிடும். அடுப்புக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது.

தகட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் ஓட்டை போட்ட குழாய்கள் இரண்டாம் காற்றுக்கானவை. விறகிலிருந்து கிளம்பும் புகையில் இன்னும் எரியக்கூடிய வாயு நிறைய இருக்கும், சூடான புதுக் காற்று அதில் பட்டால் புகையே எரிந்துவிடும். இந்த ஓட்டைகள் அடைந்தால் அடுப்பு மறுபடி பழைய திறந்த அடுப்பு மாதிரிப் புகைவிட ஆரம்பிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அடுப்புகளில் தடுப்பு இரும்பாக இல்லாமல் வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமப் பலகையாக இருக்கும். பார்க்கக் கல் மாதிரி, தூக்கினால் பிஸ்கட் மாதிரி. சிலவற்றில் பலகைக்கு மேலே வெள்ளைப் பஞ்சுப் போர்வை ஒன்றும் விரித்திருக்கும். இன்னும் சிலவற்றில் தேன்கூடு போல ஓட்டையுள்ள, புகையை எரியவைக்க உதவும் கேட்டலிஸ்ட் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் டார்ச் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரும்பைக் கழற்றுகிற பலத்தை வெர்மிகுலைட்டில் காட்டினால் கையில் இரண்டு துண்டாகத்தான் வரும்.

எப்போது செய்ய வேண்டும்

குழாயின் உள்சுவரில் கரி 3 மில்லிமீட்டர் ஏறிவிட்டால் சுத்தம் செய்தாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 6 மில்லிமீட்டர் ஏறிய பிறகும் எரிப்பது ஆபத்து. எங்கள் அடுப்பு வாரத்தில் நாலு நாள் எரிகிறது, அதனால் தீபாவளிக்கு முன் ஒரு தடவை, தைப்பூசத்துக்கு முன் ஒரு தடவை, பிறகு ஆண்டு நடுவில் ஒன்று. எப்போதாவது எரிக்கிறவர்களுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்ப்பது அவசியம், ஏனென்றால் சும்மா கிடக்கும் குழாயில் குளவி கூடு கட்டும், பறவை குப்பை சேர்க்கும்.

பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை பலமாக இருக்கும். அந்த மழைக்குப் பிறகு ஒரு தடவை பார்ப்பதை நான் விடுவதே இல்லை. குழாயின் மேல்முனையை மூடும் தொப்பி சரியாக இல்லாமல் தண்ணீர் இறங்கினால் கரியோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும், கீழே சாம்பலோடு சேர்ந்தால் அடித்தகட்டை அரிக்கும். நம் ஊர் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்க வேறு எதுவும் தேவையில்லை.

கரியின் தன்மையையும் பாருங்கள். தூளாக, கறுப்பு மாவு மாதிரி உதிர்ந்தால் அது நல்ல செய்தி, பிரஷ் போதும். மொரமொரவென்று செதில் செதிலாகப் பளபளத்தால் ஈர விறகை எரித்திருக்கிறீர்கள், கெட்டியான கம்பி பிரஷ் தேவைப்படும். தார் ஊற்றியது மாதிரி வழுவழுப்பாக, நகத்தால் கீறினாலும் வராமல் இருந்தால் அது கெட்டிப்பட்ட கிரியோசோட், அதாவது புகையிலிருந்து படியும் தார், பிரஷ் அதன் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும். அந்த நிலையில் நிறுத்திவிட்டு அந்தக் குழாய்த் துண்டையே மாற்றிவிடுங்கள். பெரிய தீ போட்டு எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். குழாய்க்குள் பற்றும் தீ 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், தகரக் கூரையைத் தாங்கும் மரச் சட்டத்துக்கு அது போதும்.

தயார் செய்வது

கடைசியாக எரித்து 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மேலே ஆறியிருந்தாலும் சாம்பலுக்கு அடியில் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும், அதனால் சாம்பலை எப்போதும் மூடியுள்ள இரும்பு வாளியில்தான் போடுங்கள், அந்த வாளியையும் சிமெண்ட் தரையில், விறகிலிருந்து தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூலையில் வைத்து, பை உருகித் தீப்பிடிக்கப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 1775-லேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர், சிறு வயதில் புகைபோக்கிகளில் ஏறிச் சுத்தம் செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு, அதற்குக் கரிதான் காரணம் என்று எழுதிவைத்தார். ஒரு தொழில் புற்றுநோயைத் தருகிறது என்று முதலில் காட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் தொடும் கரியை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதனால் துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். என்95 முகக்கவசம், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை, தலைக்கு ஒரு தொப்பி, இவ்வளவும் வேண்டும். முடிந்ததும் குளிக்க வேண்டும், உடுத்தியதைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

மற்ற சாமான்கள் சாதாரணமானவைதான்: குழாயின் அளவுக்கே ஆன பிரஷ், அதற்கான வளையும் தண்டுகள், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கிரிப் பிளையர், ரப்பர் சுத்தியல், பெயிண்ட் சுரண்டும் தகடு, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, டார்ச், பழைய அரிசிச் சாக்கு நாலு, செய்தித்தாள், மாஸ்கிங் டேப். இரும்புக் குழாய்க்குக் கம்பி பிரஷ், புகைபோக்கிக்குள் இறக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் உள்குழாயான லைனருக்கு நைலான் பிரஷ். இரண்டையும் மாற்றிப் போட்டால் லைனர் கீறி, அந்தக் கீறலிலிருந்தே துரு ஆரம்பிக்கும். வீட்டு வேக்குவத்தைக் கொண்டுவராதீர்கள், கரி அதன் ஃபில்டரைத் தாண்டி மறுபக்கம் வழியாகக் கூடம் முழுக்கப் பரவிவிடும். சாம்பலுக்கென்றே இருக்கும் வேக்குவம் இருந்தால் சரி, இல்லையென்றால் கைத்துடைப்பமும் முறமும் போதும்.

கழற்ற ஆரம்பிக்கும் முன் போன் எடுத்துப் படம் எடுங்கள். கதவைத் திறந்து ஒன்று, டார்ச் அடித்து மேல்நோக்கி ஒன்று, ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த பிறகு ஒன்று. மறுபடி பூட்டும்போது எந்தச் செங்கல் எங்கே என்று நினைவு வராது. எனக்கு முதல் தடவை ஒரு செங்கல் மீந்துவிட்டது, அதைத் தேடி எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன்.

கழற்றும் வரிசை

முதலில் சாம்பலை அள்ளிவிட்டுச் சாம்பல் தட்டையும், அதற்கு மேலே இருக்கும் இரும்புச் சல்லடையையும் வெளியே எடுங்கள். சல்லடை வார்ப்பிரும்பாக இருந்தால் கீழே போடாதீர்கள், வார்ப்பிரும்பு வளையாது, உடையும். முன்பக்கம் விறகு சரியாமல் தாங்கும் கம்பி இருந்தால் அதையும் தூக்கிவிடலாம். எரியறையின் தரையில் சாக்கை மடித்துப் போடுங்கள், தகடு கைநழுவினாலும் செங்கல் தப்பிக்கும்.

இனிதான் அவசரப்படக் கூடாத இடம். தடுப்புத் தகட்டை எது தாங்குகிறது? அடுப்புக்கு அடுப்பு இது மாறும். சிலவற்றில் பக்கச் சுவரில் வெல்டு செய்த சின்ன விளிம்பின் மேல் தகடு உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் பக்கச் செங்கலின் தலையே தாங்கும், அதில் செங்கலை முதலில் உருவினால் தகடு உங்கள் மணிக்கட்டின் மேல்தான் விழும். எங்களுடைய தகடு எட்டு கிலோவாவது இருக்கும். இன்னும் சிலவற்றில் காற்றுக் குழாய்களே தாங்குகின்றன. அதனால் கண்ணாடியைக் கீழே பிடித்து, டார்ச் அடித்து, தகட்டின் நாலு மூலையும் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்த பிறகு கையை வையுங்கள்.

தகட்டை நகர்த்தும் முன், முன் விளிம்பு வழியாகக் கையை உள்ளே விட்டு, எட்டும் அளவுக்கு முதுகில் இருக்கும் கரியை வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு விரல் உயரம் எழும்பினால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எழும்பவில்லை என்றால் எங்கோ ஒரு பின்னோ போல்ட்டோ இருக்கிறது, தேடுங்கள், நெம்பாதீர்கள். தூக்கியதை முன்னுக்கு இழுத்து, ஒரு பக்கத்தை மேலேயும் மறு பக்கத்தைக் கீழேயும் சாய்த்து, மூலைவாட்டில் கீழே இறக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அகலம் தகட்டின் அகலமே இருப்பதால் நேராக வரவே வராது. சாய்க்கும் அந்த நேரத்தில்தான் மீதிக் கரியெல்லாம் சரிந்து கொட்டும், முகத்தை விலக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்க்க இடம் போதவில்லை என்றால் ஒரு பக்கச் செங்கலை மட்டும், தகட்டை இன்னொருவர் தாங்கிப் பிடித்திருக்கும்போது, உருவி எடுக்கலாம். இந்த ஒரு படிக்கு இரண்டு பேர் இருப்பது நல்லது. எனக்கு என் தம்பி வருவான்.

வெர்மிகுலைட் பலகை இரண்டு துண்டாக நடுவில் சேர்ந்திருக்கும், ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றி வழி உண்டாக்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை, தன் இடத்தில் நிற்கும்வரை உழைக்கும். பொடியாக உதிர்ந்தாலோ நடுவில் தொய்ந்தாலோ புதிதாக வாங்கிவிடுங்கள். அதை ஒருபோதும் தண்ணீரில் கழுவாதீர்கள்.

வெள்ளைப் பஞ்சுப் போர்வை இருந்தால் கவனம். அது செராமிக் நார். சூட்டில் பல காலம் இருந்தது தொட்டாலே உதிரும், அந்தத் துகள் நுரையீரலுக்கு நல்லதல்ல, புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் அதுவும் உண்டு. லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, உதறாமல் சுருட்டி, பையில் போட்டுக் கட்டிவிட்டு, புதியது போடுங்கள். 1980-களுக்கு முந்தைய பழைய அடுப்பு யாராவது கொடுத்திருந்தால் கதவு விளிம்பின் இடைவெளியை அடைக்கும் அதன் கதவுக் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதைச் சுரண்டாதீர்கள்.

காற்றுக் குழாய்கள் ஒரு முனையில் சின்ன பின்னாலோ ஸ்க்ரூவாலோ பிடிக்கப்பட்டிருக்கும். பின்னை உருவிவிட்டு, கிரிப் பிளையரால் குழாயைப் பிடித்து, பிளையரின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் குழாய் பக்கவாட்டில் நகரும், ஒரு முனை விடுபட்டதும் கீழே இறக்கலாம். எல்லாக் குழாயும் ஒன்று மாதிரி தெரியும், ஆனால் ஓட்டையின் அளவும் எண்ணிக்கையும் முன்னுக்கும் பின்னுக்கும் மாறும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் முன், நடு, பின் என்று எழுதி, ஓட்டை பார்த்த திசைக்கு ஓர் அம்பும் போடுங்கள். துருப்பிடித்து நகராத ஸ்க்ரூவுக்குத் துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள், காலையில் தட்டிப் பாருங்கள். வேகமாகத் திருகினால் தலை தேய்ந்து, டிரில் போட வேண்டிவரும். குழாய் அசையவே இல்லை, ஓட்டைகளும் சுத்தமாகத்தான் இருக்கின்றன என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், தகடு வந்துவிட்டால் போதும்.

கேட்டலிஸ்ட் உள்ள அடுப்பில் அதை நேராக வெளியே இழுத்து, மெத்தென்ற பிரஷால் தூசி தட்டி ஒதுக்கி வையுங்கள். கம்பி பிரஷ் அதற்கு ஆகாது.

பக்கச் செங்கல்களை எல்லாத் தடவையும் கழற்ற வேண்டியதில்லை. நான் வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறேன், அவற்றுக்குப் பின்னால் சேரும் சாம்பலையும் இரும்புச் சுவரின் துருவையும் பார்க்க. எடுத்தால் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள், கடைசியாகச் செருகிய செங்கல் அங்கேதான் தளர்வாக இருக்கும். நம் ஊரில் கிடைக்கும் ஃபயர் பிரிக் பெரும்பாலும் 9 அங்குலத்துக்கு நாலரை அங்குலம், அடுப்புக்கு ஒன்றே கால் அங்குலத் தடிமன் உள்ளது சரியாக இருக்கும். சாதாரணச் செங்கல் போட்டால் சூட்டில் பிளந்துவிடும்.

குழாயைக் கழற்றுவதும் பிரஷ் போடுவதும்

தடுப்புத் தகடு வந்த பிறகு உங்களுக்கு இரண்டு வழி. குழாயைக் கழற்றாமல், எரியறைக்குள்ளிருந்தே பிரஷை மேலே ஏற்றலாம். அல்லது அடுப்பின் கழுத்திலிருந்து முதல் துண்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் உதறலாம். எங்கள் குழாய் பின்பக்கம் ஒரு முட்டி வளைந்து ஏறுகிறது, அந்த முட்டியில்தான் கரி அதிகம் தங்கும், அதனால் நான் முட்டியை மட்டும் கழற்றிவிடுகிறேன். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ இருக்கும். கழற்றும் முன் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவையுங்கள், ஸ்க்ரூ ஓட்டை மறுபடி நேராக வரும்.

ஒன்றைப் பாருங்கள்: குழாயின் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பின் பக்கம் இருக்க வேண்டும். மேலே குளிர்ந்து வழியும் தார் அப்போதுதான் குழாய்க்குள்ளேயே இறங்கி எரியறைக்கு வரும். தலைகீழாகப் பூட்டியிருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே கறுப்பாக ஒழுகிய தடம் தெரியும். எங்களுக்கு அப்படித்தான் பூட்டிக் கொடுத்திருந்தார்கள், ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இன்னொன்று, குழாய் மாற்றும்போது துத்தநாகம் பூசிய குழாயை யாராவது மலிவு என்று நீட்டினால் வாங்காதீர்கள், துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும், அதற்கு மேல் சூடேறினால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதல். கறுப்பு இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோதான்.

கதவின் வாயைச் சாக்காலும் டேப்பாலும் மூடி, பிரஷ் தண்டு போகும் அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். தண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே மேலே தள்ளுங்கள், எத்தனை தண்டு போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிரஷ் குழாய்க்குள் இருக்கும்போது நடுவழியில் திருப்பி இழுத்தால் மயிர்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும், மேல் முனையைத் தாண்டும்வரை தள்ளிவிட்டுப் பிறகு இழுங்கள். மேலே தொப்பி நெருக்கமாக இருந்தால் எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று முன்பே அளந்து தண்டில் டேப் ஒட்டிவையுங்கள். டிரில்லில் மாட்டிச் சுற்றும் பிரஷ் வைத்திருப்பவர்கள் எப்போதும் கடிகாரச் சுற்றாகவே சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்டின் மரை கழன்று பிரஷ் மேலேயே தங்கிவிடும், அப்புறம் கூரை ஏற வேண்டியதுதான். கூரை ஏறுவதைத் தவிர்க்கத்தான் நான் கீழிருந்து செய்கிறேன். பழைய தகரக் கூரை, அதுவும் மழை பெய்து பாசி பிடித்திருந்தால், கால் வைக்கிற இடமே இல்லை.

ஐந்தாறு தடவை போன பிறகு சத்தம் மாறும். முதலில் சரசரவென்று கரகரப்பாக இருந்தது, பின்னால் வெறும் இரும்பில் கம்பி உரசும் சத்தமாக வரும். கரி அடங்க ஒரு கால் மணி நேரம் விட்டு, டேப்பைப் பிரித்து, உள்ளே கண்ணாடியைப் பிடித்து மேலே பாருங்கள். பகல் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். வட்டம் ஒரு பக்கம் கடித்தது மாதிரி இருந்தால் அங்கே இன்னும் அடைப்பு இருக்கிறது. மேலே தொப்பியைச் சுற்றி இருக்கும் வலையும் தாரால் அடைந்திருக்கலாம், எல்லாம் சுத்தம் செய்தும் புகை திரும்புகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அந்த வலைதான்.

பாகங்களைச் சுத்தம் செய்வது

இதில் சொல்ல அதிகம் இல்லை. இரும்புத் தகட்டைச் சுரண்டி, நேர்கோல் வைத்துப் பாருங்கள், நடுவில் தொய்ந்திருந்தால் அடுத்த தடவை முட்டிக்கொண்டு வெளியே வராது, இப்போதே மாற்றுங்கள். காற்றுக் குழாயின் ஓட்டைகளை ஆணியால் குத்தித் திறந்து, குழாயைத் தட்டித் தூசியைக் கொட்டுங்கள். செங்கலுக்கு உலர்ந்த பிரஷ் மட்டும். கதவில் கண்ணாடி இருந்தால் செய்தித்தாளை ஈரமாக்கி, நுண்ணிய சாம்பலில் தொட்டுத் தேய்த்தாலே போகும், கடையில் வாங்கும் ஸ்ப்ரே தேவையில்லை.

அள்ளிய கரியை லோங்கானில், அதாவது சாக்கடையில், கொட்டாதீர்கள், பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். சுத்தமான விறகின் சாம்பல் மட்டும் வேறு, அது வாழைக்கும் முருங்கைக்கும் அளவாகப் போடலாம், அத்தை அதை வீணாக்குவதே இல்லை.

மறுபடி பூட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். குழாய் முட்டி, பக்கச் செங்கல்களைக் கழற்றியிருந்தால் அவை, பின் காற்றுக் குழாய், நடு, முன், போர்வை இருந்தால் போர்வை, தடுப்புத் தகடு, தகட்டைச் சாய்க்க உருவிய செங்கல் இருந்தால் அது, கம்பி, சல்லடை, தட்டு. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், அடுத்த தடவை உங்களுக்கே நன்றி சொல்வீர்கள். சாதாரண கிரீஸ் எரிந்து பசையாகிவிடும்.

தகட்டைப் பின்பக்கம் முட்டும்வரை தள்ளுகிறீர்களா, முன்பக்கம் இழுக்கிறீர்களா என்பது முக்கியம். புகை போகும் இடைவெளி முன்னால் இருக்க வேண்டும் என்றால் தகடு பின்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் ஓர் அங்குலம் திறந்து கிடந்தால் தீ அந்தக் குறுக்கு வழியிலேயே குழாய்க்கு ஓடும், பானை சூடாகாது, குழாய் சிவக்கும். பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கல்களை இடித்து நெருக்கிச் செருகாதீர்கள், சூட்டில் இரும்பும் செங்கலும் விரிய ஒரு மில்லிமீட்டராவது இடம் வேண்டும்.

கதவுக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது. நாலு பக்கமும் இப்படிச் செய்யுங்கள்.

குழாய் இணைப்புகளுக்கு எங்கள் வீட்டுச் சோதனை ஒன்று இருக்கிறது. சின்னதாகத் தீ போட்டு, ஒரு கரண்டியில் சாம்பிராணி போட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் அருகே பிடித்துக்கொண்டே வாருங்கள். அடுப்பு இழுக்கும்போது ஓட்டை இருந்தால் சாம்பிராணிப் புகை அந்த இடத்தில் உள்ளே வளைந்து போகும். அங்கே ஃபயர் சிமெண்ட் பூசினால் போதும். அத்தைக்கு இந்தச் சோதனைதான் பிடிக்கும், அப்படியே சாமி படத்துக்கும் காட்டிவிட்டு வருவார்.

முதல் தீ சின்னதாகவே இருக்கட்டும், புதுச் செங்கல் வைத்திருந்தால் மூன்று நாள் சின்னத் தீதான். அந்த முதல் மணி நேரம் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புகை கதவு வழியாக வந்தாலோ, உள்ளே நிற்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல் என்றாலோ, கார்பன் மோனாக்சைடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை. எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். குழாயிலிருந்து ரயில் ஓடுவது மாதிரி இரைச்சல் வந்தால் குழாய்க்குள் தீப்பிடித்திருக்கிறது: கதவையும் காற்று வழியையும் மூடி, ஆட்களை வெளியேற்றி, 999 கூப்பிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், நீராவியாக வெடித்துக் குழாய் பிளக்கும்.

விறகு

கரி இவ்வளவு சீக்கிரம் சேருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈர விறகு. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புகை குறையும். எங்களுக்குத் தோட்டப் பக்கமிருந்து ரப்பர் கட்டை வருகிறது, பாக்காவ் என்ற சதுப்புநில மரக் கட்டையும் கிடைக்கும். வெட்டி வந்த அன்றே எரிக்காமல், பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரத்திலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது ணங் என்று சொல்லும், ஈரமானது தொப் என்று சொல்லும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், சாமான் இறக்கிய மரத்தட்டு, இவற்றை அடுப்பில் போடவே போடாதீர்கள். முழுக் காற்றையும் அடைத்து இரவெல்லாம் புகையவிடுவதும் அப்படித்தான், குழாய் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் புகையில் இருக்கும் தார் சுவரில் ஒட்ட ஆரம்பித்துவிடும்.

வேலை முடிந்ததும் நான் தேதியையும், எத்தனை டின் கரி வந்தது, எந்தச் செங்கல் விரிசல் விட்டிருக்கிறது, எந்த ஸ்க்ரூ அடம்பிடித்தது என்பதையும் அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். போன தடவை அரை டின்தான் வந்தது.